மெல்ல மெல்ல மெல்லக் கற்றுக்கொடுப்போம்: சின்னக் குழந்தைகளின் தாடைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதியம் பன்னிரண்டரைக்கு ஊட்டிய வேகவைத்த ஆப்பிள் துண்டு, ஒன்றரைக்குத் தூங்க வைக்கும்போதும் என் மகனின் இடது கன்னத்துக்குள் அப்படியே இருந்தது. கொஞ்சம் வெளுத்துப்போய், ஓரம் மட்டும் கரைந்து, ஆனால் ஒரு பல் பட்ட தடம்கூட இல்லாமல். அப்போது அவனுக்கு இரண்டு வயது தாண்டி ஒரு மாதம். அதுவரைக்கும் "இவன் சாப்பிட ரொம்ப நேரம் எடுத்துக்கிறான்" என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அவனுக்கு மெல்லவே தெரியவில்லை. தப்பு எங்கள் மேல்தான், தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தே பழக்கிவிட்டோம்.

அதற்கப்புறம் பல மாதங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் (பேச்சை மட்டுமில்லை, மெல்லுவதையும் விழுங்குவதையும் பார்ப்பவர்கள் அவர்கள்தான்) போய்வந்து, வீட்டில் செய்து பார்த்து, சிலதைச் சொதப்பி, சிலதில் தேறி வந்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். "தாடையை பலப்படுத்தும் பயிற்சி" என்று தேடினால் ஏகப்பட்ட ரப்பர் சாமான்களும் வீடியோக்களும் கண்ணில் படும். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறைவது பலம் இல்லை, பழக்கம். சைக்கிள் ஓட்டத் தெரியாதவனுக்குத் தொடை பலம் ஏற்றிவிட்டால் மட்டும் சைக்கிள் ஓடிவிடாது, இல்லையா?

முதலில் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்

காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் இரண்டு விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், புடைத்துக்கொண்டு ஒன்று வரும். அது மாசீட்டர் தசை. நெற்றிப்பொட்டில் வைத்துக் கடித்தால் அங்கேயும் ஒன்று அசையும், அது டெம்போராலிஸ். கடிப்பதற்கான விசையில் பெரும்பங்கு இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது. ஆனால் விசை மட்டும் போதாது. உரலில் இடிக்கும்போது சிதறுகிற தானியத்தை ஒரு கை திரும்பத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தக் கையின் வேலையை வாய்க்குள் செய்வது நாக்கு. உணவைக் கடைவாய்ப் பக்கம் தள்ளும், அரைபட்டதை நடுவுக்குக் கொண்டுவரும், மறுபடி தள்ளும். வெளிப்பக்கம் சரிந்து விழாமல் கன்னம் அணை போட்டு நிற்கும். என் மகனிடம் உலக்கை நன்றாகவே இருந்தது, அந்தக் கைதான் வேலைக்கு வரவில்லை.

வயதுக் கணக்கு தோராயமாக இப்படி. ஆறு மாதத்தில் தாடை மேலும் கீழும் மட்டும் போகும், ஈறால் நசுக்கும். எட்டு, ஒன்பது மாதத்தில் நாக்கு பக்கவாட்டில் போகப் பழகும். ஒரு வயதுக்கு முன்னும் பின்னுமாகத் தாடை சாய்வாக நகரத் தொடங்கி, இரண்டு, மூன்று வயதுக்குள் பெரியவர்களைப் போல வட்டமாக அரைக்கும் அசைவு வந்துவிடும், அதற்கப்புறமும் சில வருடங்களுக்கு மெருகேறும். பால் பற்கள் மொத்தம் 20, அதில் முதல் கடைவாய்ப் பற்கள் 13 முதல் 19 மாதத்துக்குள்ளும் இரண்டாவது ஜோடி 23 முதல் 33 மாதத்துக்குள்ளும் முளைக்கும். இதை வைத்து "கடைவாய்ப் பல் வரட்டும், அப்புறம் கட்டியாகக் கொடுக்கலாம்" என்று காத்திருக்க வேண்டாம், மிருதுவானதை ஈறே நசுக்கிவிடும். பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்றில், கட்டியுள்ள உணவை 10 மாதத்துக்குப் பிறகே பார்த்த குழந்தைகளுக்குச் சாப்பாட்டுச் சிக்கல்கள் அதிகம் இருந்தது தெரிந்தது. அந்த வயதைத் தாண்டிவிட்டோமே என்று பதற வேண்டாம், நாங்கள் இரண்டு வயதுக்கு மேல்தான் தொடங்கினோம். நேரம் கொஞ்சம் அதிகம் பிடித்தது, அவ்வளவுதான்.

படி 1: எதையும் மாற்றாமல் மூன்று நாள் கவனியுங்கள்

சாப்பிடும்போது முகத்துக்கு நேராக போனை வைத்து இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், நேரில் தெரியாதது அதில் தெரியும். உணவு எந்தப் பக்கம் போகிறது? இரண்டு பக்கமுமா, ஒரே பக்கமா, அல்லது எங்குமே போகாமல் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் நசுங்குகிறதா? தாடை வழுக்கி ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறதா? ஒரு துண்டை எத்தனை தடவை மென்ற பிறகு விழுங்குகிறான்? முன்பற்களால் கொறிப்பதை நிறையப் பேர் மெல்லுவது என்று நினைத்துவிடுகிறார்கள், நானும்தான். முன்பல் வெட்டுவதற்கு, அரைப்பது பின்னால்.

கன்னத்தில் அதக்கிக்கொள்வது, மெல்லாமல் அப்படியே முழுங்குவது, வாய் நிறையத் திணிப்பது, கட்டி பட்டாலே ஓங்கரிப்பது, ஒவ்வொரு வேளையும் அரை மணியைத் தாண்டுவது, எந்நேரமும் வாய் திறந்து எச்சில் வடிவது, இதெல்லாம் குறித்து வையுங்கள். தெரபிஸ்ட்டிடம் போனால் முதலில் கேட்பதும் இதைத்தான்.

படி 2: பயிற்சியால் தீராத காரணங்களை முதலில் தள்ளுங்கள்

மூக்கடைப்பு. இதை யாரும் யோசிப்பதே இல்லை. மூக்கால் மூச்சுவிட முடியாத குழந்தை வாயை மூடி மெல்ல முடியாது, மென்றால் மூச்சு நின்றுவிடும், அதனால் அவசரமாக முழுங்கிவிடும். தூங்கும்போது குறட்டை, எப்போதும் திறந்த வாய் என்றால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையில் வீக்கம் இருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம் சொத்தைப் பல், ஒரே பக்கமாக மெல்லும் குழந்தைக்கு மறுபக்கம் வலி இருக்கலாம். நாள் முழுக்கப் பாலாலேயே வயிறு நிரம்பியிருக்கும் குழந்தைக்கு மெல்லுவதற்கான பசியே இருக்காது. டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் போன்றவற்றில் தசை இறுக்கமே வேறு மாதிரி இருக்கும், ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குப் பிரச்சினை தாடையில் இல்லை, உணவு வாயில் படும் உணர்வில் இருக்கும். இவர்களுக்குக் கீழே உள்ள எதையும் தெரபிஸ்ட்டைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுவது, சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரப்பது, திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, எடை ஏறாமல் நிற்பது. இதில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள், உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறதா என்று அவர்கள்தான் சோதிக்க வேண்டும்.

படி 3: ஓங்கரிப்பு வேறு, அடைப்பு வேறு

இதைத் தெரிந்துகொள்ளாமல் கட்டி உணவு தொடங்கக் கூடாது. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், கண்ணில் நீர் வரும், முகம் சிவக்கும். அது உடம்பின் காவல்காரன், குழந்தைகளுக்கு அந்த அனிச்சை நாக்கின் முன்பகுதியிலேயே தூண்டப்படும், வளர வளரப் பின்னால் நகரும். நீங்கள் பதறாமல் இருந்தால் தானே சரியாகும். அடைப்பு பெரும்பாலும் சத்தமில்லாதது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாயும்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு, அப்புறம் மல்லாத்தி மார்பெலும்பின் நடுவில் 5 அழுத்தம், மாற்றி மாற்றி. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 தட்டு, பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்நோக்கி மேலாக அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். நினைவு தப்பினால் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மார்பு அழுத்தி மூச்சு கொடுக்கும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். இதைப் படித்தால் மட்டும் போதாது, ஒரு முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்து ஒரு தடவை செய்து பாருங்கள், கைக்குப் பழகினால்தான் அந்த நேரத்தில் கை வேலை செய்யும்.

முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய், சூயிங் கம், பச்சைக் கேரட் துண்டு, வட்டமாக நறுக்கிய சாசேஜ், இவையெல்லாம் பயிற்சிக்கு வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுங்கள், வட்டமாக வெட்டினால் மூச்சுக்குழாய்க்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

படி 4: உட்காரவைப்பது

சிரிக்காதீர்கள், பாதம் ஊன்றாமல் தாடை ஊன்றாது. கால் தொங்கிக்கொண்டிருந்தால் உடம்பு தன்னை நிலைப்படுத்துவதிலேயே பாதி கவனத்தைச் செலவழிக்கும், அப்போது தாடையின் நுணுக்க அசைவு கைவிட்டுப் போகும். நீங்களே உயரமான ஸ்டூலில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கெட்டியான ரொட்டியை மென்று பாருங்கள், தெரியும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடங்கி, பாதத்துக்குக் கீழே ஏதாவது பலகை இருக்க வேண்டும். எங்கள் நாற்காலியில் கால்பலகை இல்லை, பழைய புத்தகங்களை அடுக்கி டேப் ஒட்டி வைத்தோம், இன்றைக்கும் அதுதான். சாய்ந்து படுத்த நிலை, நடந்துகொண்டே ஊட்டுவது, காரில் ஊட்டுவது எல்லாம் கூடாது. திரையையும் அணைத்துவிடுங்கள். பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தை வாயைத் திறக்கிறது, அவ்வளவுதான், வாய்க்குள் என்ன நடக்கிறது என்று அதற்கே தெரியாது.

படி 5: சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம், உணவில்லாமல்

மெல்லுவதற்கென்று விற்கும் சிலிகான் குழாய் ஒன்று, ஒரே வார்ப்பாக, பிய்ந்து வராததாக இருந்தால் போதும். அதை முன்வாயில் இல்லாமல் கடைவாய்ப் பல் இருக்கும் இடத்தில் பக்கவாட்டில் வையுங்கள். "கடி, விடு, கடி, விடு" என்று தாளமாகச் சொல்லுங்கள். முதல் வாரம் வலப்பக்கம் 5, இடப்பக்கம் 5. பிறகு 10. தாடை நேராக ஏறி இறங்க வேண்டும், வழுக்கினாலோ தலையும் சேர்ந்து ஆடினாலோ களைத்துவிட்டது என்று பொருள், நிறுத்திவிடுங்கள். கடிக்கிற வேலை குழந்தையுடையது. நீங்கள் தாடையைப் பிடித்து அழுத்துவதோ, வாயைப் பிளப்பதோ, குழாயை இழுப்பதோ கூடாது.

குழாய் பிடிக்காத குழந்தைக்குப் பல் துலக்கும் பிரஷே போதும், கடைவாயில் வைத்து மெதுவாகத் தேய்த்தால் நாக்கு தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். நாக்கின் ஓரத்தைத் தொட்டால் தொட்ட பக்கம் சாயும் அனிச்சை குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே உண்டு, அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம். கழுத்தில் மாட்டும் பல் முளைக்கும் மணிமாலைகளை மட்டும் வாங்காதீர்கள், கழுத்து இறுகும், மணி அடைக்கும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இலேயே எச்சரித்திருக்கிறது.

இந்தப் படியிலேயே மாதக்கணக்கில் தங்கிவிடும் வீடுகள் உண்டு. ரப்பரைக் கடிப்பதில் குழந்தை கெட்டிக்காரனாகிவிடும், ஆப்பிளைக் கண்டால் பழையபடி அதக்குவான். ரப்பர் நொறுங்காது, சிதறாது, நாக்குக்கு வேலை தராது. இது வாயை எழுப்பிவிட மட்டும்.

படி 6: பக்கவாட்டில் வைத்தல், இங்கேதான் எல்லாம் இருக்கிறது

வேகவைத்த கேரட்டை உங்கள் சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் எளிதில் நசுங்க வேண்டும், அதுதான் பதம். ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கடைவாயில் வையுங்கள். கரண்டியில் நாக்கின் நடுவில் வைத்த உணவு நேராகத் தொண்டைக்குப் போகத்தான் பார்க்கும், பக்கத்தில் வைத்த உணவைக் கடிக்காமல் குழந்தையால் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் வீட்டில் முதல் நாள் இப்படி நடந்தது: வைத்தேன், துப்பினான். வைத்தேன், சிரித்தான். வைத்தேன், ஒரு கடி கடித்துவிட்டு, துண்டு நாக்கில் விழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எடுத்துத் திரும்பப் பக்கத்தில் வைத்தேன், இன்னொரு கடி. அன்றைக்கு அவ்வளவுதான். ஐந்தாம் நாள் காலை நாக்கு தானே அந்தத் துண்டை ஓரத்துக்குத் தள்ளியதைப் பார்த்தேன், கன்னத்தில் சின்னதாக ஒரு மேடு தெரிந்து மறைந்தது. வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை, எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் படவில்லை.

ஒரு வேளையில் இப்படி 6 முதல் 10 வாய், பாதி வலம் பாதி இடம். மீதிச் சாப்பாட்டை அவன் வழக்கமாகச் சாப்பிடும் பதத்திலேயே கொடுத்துவிடுங்கள். முழுச் சாப்பாட்டையும் பயிற்சியாக்கினால் பட்டினியும் சண்டையும்தான் மிஞ்சும். பிடிவாதமான பயந்தாங்கொள்ளிகளுக்கு, குழந்தைகளுக்கென்று கைப்பிடியோடு விற்கும் வலைப்பை நல்ல வழி: மிருதுவான பழத்தை வலைப்பையில் போட்டுக் கடைவாயில் கொடுத்தால் சாறு மட்டும் வரும், துண்டு வராது, மெல்லும் அசைவு மட்டும் பழகும்.

படி 7: பதத்தில் ஒவ்வொரு படியாக ஏறுவது

மிக்ஸியை ஒரே நாளில் கைவிடாதீர்கள். அரைத்ததிலிருந்து கரண்டியால் மசித்ததற்கு, அதிலிருந்து கரகரப்பாக மசித்ததற்கு. அதே நேரம் தனியாக, கையில் பிடித்துச் சாப்பிடும் துண்டுகள். அதில் முதலில் பொரி மாதிரி உப்பி, வாயில் கரையும் பஃப் வகை. வாங்கியதை முதலில் நீங்கள் சோதியுங்கள், பல் படாமல் நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினால் சில நொடியில் கரைய வேண்டும், கரையாவிட்டால் அது அடுத்த படிக்கு. அப்புறம் பழுத்த வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், வேகவைத்த காய். அடுத்து அவித்த முட்டை, மிருதுவான பாஸ்தா, ரொட்டி ஓரம். கடைசியில்தான் நார் உள்ளது: சின்னதாகப் பிய்த்த கோழி, தோலோடு பழம். ரொட்டியின் நடுப்பகுதி மிருதுவாயிற்றே என்று முதலில் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அது எச்சிலில் ஊறிப் பசையாக உருண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஓரத்தை வாட்டிக் கொடுப்பதே மேல்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது துண்டுகள் மிதக்கும் சூப்தான். பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் நீரை விழுங்கிக்கொண்டே துண்டை நிறுத்தி மெல்லுவது இரண்டு வேலை. நன்றாக மெல்லத் தெரிந்த பிறகே அதற்குப் போங்கள்.

ஒரு பதத்தில் நான்கைந்து நாள் தொடர்ந்து சிக்கலில்லாமல் சாப்பிட்டால் அடுத்தது. ஓங்கரிப்பு கூடினால் ஒரு படி இறங்குங்கள். இறங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

படி 8: காட்டிக் கொடுப்பது

"நல்லா மென்னு சாப்பிடு கண்ணா" என்று நூறு தடவை சொல்வதால் ஒன்றும் ஆகாது, மெல்லுவது என்றால் என்ன என்று தெரியாதவனுக்கு அது வெறும் சத்தம். எதிரில் உட்கார்ந்து நீங்கள் மெல்லுங்கள், கொஞ்சம் மிகைப்படுத்தி, வாயைத் திறந்தே. ஆமாம், மரியாதையை ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் தாடையில் அவன் கையை வைக்கச் சொல்லுங்கள், அந்தப் புடைப்பு அவன் விரலில் படட்டும், பிறகு அவன் தாடையில் அவனே தொட்டுப் பார்க்கட்டும். சின்னக் கண்ணாடி ஒன்றை மேசையில் வைத்தோம், தன் வாய்க்குள் கேரட் காணாமல் போவதைப் பார்ப்பதற்காகவே இரண்டு வாய் அதிகம் சாப்பிட்டான்.

அதக்குபவர்களுக்கு: ஒரு வாய் முடிந்ததும் "வாயைக் காட்டு, சிங்கம் மாதிரி" என்று திறக்கச் சொல்லுங்கள், மிச்சம் இருந்தால் அந்தக் கன்னத்தை வெளியிலிருந்து மெல்லத் தொட்டுக் காட்டுங்கள், ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். வாயில் உணவோடு தூங்கவே விடாதீர்கள். திணிப்பவர்களுக்குத் தட்டில் ஒரு நேரத்தில் இரண்டே துண்டு வையுங்கள், இது ஒன்றே பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

எவ்வளவு நாள், எதை எதிர்பார்க்கலாம்

வேறு மருத்துவக் காரணம் எதுவும் இல்லாத குழந்தை, தினமும் இரண்டு வேளை பழகினால் சில வாரங்களில் மாற்றம் தெரியும். எங்களுக்கு வேகவைத்த காயிலிருந்து கோழிக்குப் போக ஐந்து மாதம் ஆயிற்று. ஆறு, எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசைவே மாறவில்லை என்றால் நேரம் கடத்தாமல் உணவூட்டலில் பயிற்சி பெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட்டையோ, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையோ பாருங்கள், படி 1இல் எடுத்த வீடியோவைக் கொண்டுபோங்கள்.

பேச்சு வரும் என்று நம்பி இதைத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேசுவதற்குத் தேவைப்படும் தாடை பலம் மிகக் குறைவு, மெல்லுவதற்கு வேண்டியதில் ஒரு சிறு பங்கு. கடிப்பது, ஊதுவது போன்ற வாய்ப்பயிற்சிகள் மட்டும் உச்சரிப்பைத் திருத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சிதான் வேண்டும். அதே போல "கெட்டியாக மென்றால் பல் வரிசை நேராக வளரும்" என்றும் உறுதி தருவார்கள். மிருதுவான தீனியே தின்று வளர்ந்த விலங்குகளின் தாடை சிறுத்திருப்பதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள் என்பது சரிதான், அதை வைத்து உங்கள் குழந்தையின் பல் வரிசைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தாலும், புதுப் பல் முளைத்து ஈறு வலித்தாலும், ஏறிய படிகளில் இரண்டு மூன்று சறுக்கும். முதல் தடவை அப்படி ஆனபோது எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த நாட்களில் குழைவாகவே கொடுங்கள், குழாயையும் எடுத்து வைத்துவிடுங்கள். உடம்பு தேறியதும் வேகவைத்த கேரட்டிலிருந்து, பக்கவாட்டில் வைத்து, மறுபடி தொடங்குங்கள். என் மகன் நான்காம் நாளே விட்ட இடத்துக்கு வந்துவிட்டான்.